பதினைந்து சீட்டு, நான்கு ரகம்: செஸ் குழுவில் வரிசை ஓட்டுப் போடுவது எப்படி

வழக்கமான செஸ்ஸையே ஆடி அலுத்த குழு ஒன்று "அடுத்த மாசம் வேற ரகம் ஆடலாம்" என்று கிளம்பினால், முதல் தகராறு எந்த ரகம் என்பதில்தான் வரும். ஒருவருக்கு செஸ் 960, இன்னொருவருக்கு கிரேசிஹவுஸ், ஓரமாக உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அட்டாமிக். கை தூக்கச் சொன்னால் பதினைந்தில் ஆறு கை உயர்ந்த ரகம் ஜெயித்துவிடும். மீதி ஒன்பது பேரில் பாதி, அடுத்த ஞாயிறு "ஊர்ல ஒரு விசேஷம்" என்று நின்றுவிடுவார்கள். இதைத் தவிர்க்கத்தான் வரிசை ஓட்டு: ரொம்பப் பிடித்ததற்கு 1, அடுத்ததற்கு 2 என்று எல்லா ரகத்துக்கும் எண் போடுவது.

எண் போடுவது சுலபம். அந்த எண்களை எந்த முறையில் எண்ணப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுகிறவர்கள்தான் குறைவு. அதே சீட்டுகளை வைத்து ஒரு முறையில் எண்ணினால் ஒரு ரகம் ஜெயிக்கும், இன்னொரு முறையில் வேறு ரகம் ஜெயிக்கும். தந்திர ஓட்டு, அதாவது மனதில் உள்ள வரிசையை விட்டு ஜெயிப்பதற்காக மாற்றிப் போடுவது, அதுவும் அந்த முறையைப் பொறுத்ததுதான். ஒரு முறையில் கைகொடுக்கிற தந்திரம் அடுத்த முறையில் உங்கள் காலையே வாரிவிடும்.

முதலில் பட்டியலைச் சுருக்குங்கள்

உங்களிடம் இருக்கும் சாமானை வைத்து ஆட முடியாத ரகம் சீட்டில் இருக்கக் கூடாது. இதைச் சரிபார்க்காமல் ஓட்டு நடத்தினால், ஜெயித்த பிறகுதான் "போர்டு எங்கே?" என்ற கேள்வி வரும்.

செஸ் 960-க்கு ஒரு செட்டும் ஒரு பகடையும் போதும். 1996-இல் பாபி ஃபிஷர் அறிவித்த ரகம் இது. பின்வரிசைக் காய்கள் கலைந்து நிற்கும். கலைக்கும் முறை இப்படி. பின்வரிசையின் நான்கு கறுப்புக் கட்டங்களை இடமிருந்து 1 முதல் 4 என்று எண்ணிப் பகடையை உருட்டுங்கள். 5, 6 விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். விழுந்த கட்டத்தில் ஒரு மந்திரி. அதேபோல் வெள்ளைக் கட்டங்களில் இன்னொரு மந்திரி. மீதி ஆறு காலிக் கட்டத்தில் ராணிக்கு ஒரு உருட்டு. மிஞ்சிய ஐந்தில் ஒரு குதிரை, நான்கில் இன்னொரு குதிரை. கடைசி மூன்று கட்டத்தில் யானை, ராஜா, யானை. கறுப்புக்காரர் எதிரே அப்படியே பிரதி எடுப்பார். 4, 4, 6 இவற்றைப் பெருக்கி, இரண்டு குதிரைக்கான 10 வழியாலும் பெருக்கினால் 960 வரும். பெயர்க்காரணமும் அதுதான்.

த்ரீ செக்கில் மூன்றாவது செக் கொடுத்தவர் ஜெயித்தார். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செக்குக்கும் ஒன்றை நகர்த்தினால் கணக்கு தப்பாது. கிங் ஆஃப் த ஹில்லில் ராஜாவை நடு நான்கு கட்டத்தில் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினாலும் வெற்றி. அதற்குச் சாமானே வேண்டாம். கிரேசிஹவுஸில் வெட்டிய காய் நிறம் மாறி, வெட்டியவர் பக்கம் போர்டில் இறங்கும். ஆகவே ஒரு போர்டுக்கு இரண்டு செட் வேண்டும். இதை மறந்தால் பத்தாவது நகர்த்தலில் ஆட்டம் நின்றுபோகும். கிரேசிஹவுஸையே இரண்டிரண்டு பேர் அணியாக ஆடுகிற பக்ஹவுஸுக்கு நான்கு பேர், இரண்டு போர்டு, இரண்டு கிளாக். பதினைந்து பேர் வந்தால் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அட்டாமிக்கில் ஒரு காயை வெட்டினால் வெட்டியதும் வெட்டுப்பட்டதும் சேர்ந்து போகும். அந்தக் கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தில் நிற்பவையும் போகும், சிப்பாய்கள் மட்டும் தப்பும். புதியவர்கள் சண்டை போடுவது அந்தச் சிப்பாய் விதிவிலக்கில்தான். ஹோர்டில் வெள்ளைக்கு 36 சிப்பாய். ஒரு செட்டில் எட்டுதான் என்பதால், ஒரு போர்டு ஹோர்டுக்கு ஐந்து செட்டின் வெள்ளைச் சிப்பாய்களைத் திரட்ட வேண்டும். ஃபாக் ஆஃப் வார் ரகத்தில் எதிராளியின் காய்கள் மறைந்திருக்கும். போன் அல்லது கணினி இல்லாமல் ஆடுவது தலைவலி. கப்பாபிளாங்கா செஸ்ஸுக்குப் பத்துக்கு எட்டு கட்டப் பலகையும் இரண்டு புது வகைக் காய்களும் வேண்டும்.

இப்படி வடிகட்டினால் நான்கு முதல் ஆறு ரகம் மிஞ்சும். அதற்கு மேல் போகாதீர்கள். பத்து ரகத்துக்கு வரிசை கேட்டால் முதல் மூன்றைத்தான் மனிதர் யோசித்துப் போடுவார். மீதி ஏழு எண்கள் ஒப்புக்கு நிரப்பியவை. ஆனால் எண்ணும்போது அந்த ஏழுக்கும் அதே மதிப்புதான். ஓட்டுக்கு முந்தின வாரம் ஒவ்வொரு ரகத்திலும் ஆளுக்கு ஒரு பத்து நிமிட ஆட்டம் ஆடிப் பார்த்துவிடுவது நல்லது. ஆடாத ரகத்துக்கு எண் போடுவது, ருசி பார்க்காமல் மாம்பழ ரகத்தை வரிசைப்படுத்துவது போலத்தான். கிருஷ்ணகிரிக்காரர் அதைச் செய்யவே மாட்டார்.

சீட்டில் செய்யும் தப்புகள்

சீட்டை நிரப்பும்போது மேலிருந்து கீழே எண் போடாதீர்கள். முதலில் 1 யாருக்கு என்று போடுங்கள், பிறகு கடைசி எண் யாருக்கு என்று போடுங்கள், நடுவில் இருப்பதை அப்புறம் பாருங்கள். இரண்டு ரகத்துக்கு இடையே தடுமாறினால் ஒரே கேள்வி: ஞாயிறு காலை இந்த இரண்டும்தான் நடக்கிறது என்றால் எந்த மேசையில் உட்காருவீர்கள்?

செல்லாத சீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. ஒரே எண்ணை இரண்டு முறை போடுவது. 1 போட்டுவிட்டு 2-ஐத் தாண்டி 3-க்குப் போவது. எண்ணுக்குப் பதில் டிக் போடுவது. இன்னொன்று, சீட்டு செல்லும், ஆனால் ஓட்டு தலைகீழாகப் போய்விடும்: நட்சத்திர மதிப்பீடு பழகியவர்கள் பிடித்ததற்கு 4 போட்டு, பிடிக்காததற்கு 1 போட்டுவிடுவார்கள். இது எண்ணுகிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சீட்டின் தலைப்பிலேயே "1 = ரொம்பப் பிடித்தது" என்று அச்சடித்துவிட்டால் இந்த விபத்து குறையும்.

ஒரே பதினைந்து சீட்டு

இனி ஒரு கணக்கு. தருமபுரியில் ஞாயிறு காலை கூடும் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ரகம். கணக்கு சுலபமாக இருக்க, ருசி ஊர்வாரியாகப் பிரிந்திருப்பதாகக் கொள்வோம்.

பாலக்கோட்டார் 6 பேர்: 960, த்ரீ செக், கிரேசிஹவுஸ், அட்டாமிக்.
காவேரிப்பட்டணத்தார் 5 பேர்: கிரேசிஹவுஸ், த்ரீ செக், அட்டாமிக், 960.
அரூரார் 4 பேர்: த்ரீ செக், 960, கிரேசிஹவுஸ், அட்டாமிக்.

பாயிண்ட் முறை: நான்கு ரகம் என்றால் முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, 1, 0. பிரெஞ்சுக்காரர் போர்தா 1770-இல் முன்வைத்தது. கூட்டிப் பார்த்தால் த்ரீ செக் 34, 960-க்கு 26, கிரேசிஹவுஸ் 25, அட்டாமிக் 5. மொத்தம் 90 வர வேண்டும், ஒரு சீட்டுக்கு ஆறு பாயிண்ட் வீதம். வராவிட்டால் எங்கோ கூட்டல் பிழை.

நீக்கல் முறை: முதல் விருப்ப ஓட்டு குறைவாக உள்ள ரகத்தை நீக்கி, அதன் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் இந்தக் குடும்பம்தான். 1969-இல் வி.வி. கிரி முதல் விருப்ப ஓட்டில் 4,01,515 மதிப்பு பெற்றார். தேவையான 4,18,169 கிடைக்கவில்லை. மற்ற வேட்பாளர்களின் இரண்டாம் விருப்பம் சேர்ந்த பிறகே 4,20,077-க்கு எட்டி, சஞ்சீவ ரெட்டியைத் தாண்டினார். நம் கணக்கில் முதல் சுற்று: 960-க்கு 6, கிரேசிஹவுஸ் 5, த்ரீ செக் 4, அட்டாமிக் 0. அட்டாமிக் போகும். அடுத்து த்ரீ செக் போகும். அரூராரின் நான்கு சீட்டும் 960-க்கு மாறும். 10-க்கு 5. 960 ஜெயித்தது.

ஜோடி முறை: ஒவ்வொரு இரண்டு ரகத்தையும் மோதவிடுவது, எல்லாரையும் ஜெயித்தது வென்றது. இன்னொரு பிரெஞ்சுக்காரர் கொந்தோர்சே 1785-இல் எழுதியது. த்ரீ செக்குக்கும் 960-க்கும் 9-6. த்ரீ செக்குக்கும் கிரேசிஹவுஸுக்கும் 10-5. அட்டாமிக்கை 15-0. த்ரீ செக் ஜெயித்தது.

ஆக, ஒருவரும் மனம் மாறாமலே, எண்ணும் முறை மாறினதற்கே 960-உம் த்ரீ செக்கும் இடம் மாறிவிட்டன. "எப்படி எண்ணுவீங்க?" என்று கேட்பது முரண்டு இல்லை, அதுதான் முதல் வேலை.

பாயிண்ட் முறையில் புதைப்பது

பாயிண்ட் முறையில் முதல் தந்திரம் போட்டியாளரைப் புதைப்பது. பாலக்கோட்டாருக்கு 960 வேண்டும். அவர்கள் கண்ணில் எதிரி த்ரீ செக். உண்மையில் அது அவர்களுடைய இரண்டாவது விருப்பம்தான்; ஆனாலும் அதைக் கடைசிக்குத் தள்ளி, 960, அட்டாமிக், கிரேசிஹவுஸ், த்ரீ செக் என்று ஆறு பேரும் போடுகிறார்கள். இப்போது த்ரீ செக் 22, 960-க்கு 26, கிரேசிஹவுஸ் 25, அட்டாமிக் 17. ஒரு பாயிண்டில் 960.

அந்த ஒரு பாயிண்டைப் பாருங்கள். ஆறு பேரில் இரண்டு பேர் சோம்பல்பட்டு, த்ரீ செக்கைக் கடைசிக்குத் தள்ளியதும் மற்றதைப் பழைய வரிசையிலேயே விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள்: 960, கிரேசிஹவுஸ், அட்டாமிக், த்ரீ செக். கிரேசிஹவுஸுக்கு இரண்டு பாயிண்ட் கூடி 27. பாலக்கோட்டாரின் மூன்றாவது விருப்பம் ஜெயித்துவிட்டது. ஆறு பேருமே அப்படிப் போட்டிருந்தால் கிரேசிஹவுஸுக்கு 31. நேர்மையாகப் போட்டிருந்தால் இரண்டாவது விருப்பமாவது கிடைத்திருக்கும். புதைக்கிறவர் யாரைப் புதைக்கிறோம் என்று மட்டும் யோசிப்பார். காலியான இடத்தில் யார் ஏறி உட்காருகிறார் என்பதைப் பார்க்க மறந்துவிடுவார்.

விவகாரம் இன்னும் உண்டு. பாலக்கோட்டார் புதைக்கும் செய்தி டீக்கடையில் கசிகிறது. காவேரிப்பட்டணத்தாரும் த்ரீ செக்கை ஒரு படி இறக்கி, கிரேசிஹவுஸ், அட்டாமிக், த்ரீ செக், 960 என்று மாற்றுகிறார்கள். அரூரார் சும்மா இருப்பார்களா? 960-ஐக் கடைசிக்குத் தள்ளி, த்ரீ செக், அட்டாமிக், கிரேசிஹவுஸ், 960 என்று போடுகிறார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் அட்டாமிக் ஆபத்தில்லாத ரகம், ஜெயிக்காது என்று நினைத்து நடுவில் செருகியது. கூட்டினால்: த்ரீ செக் 17, 960-க்கு 18, கிரேசிஹவுஸ் 25, அட்டாமிக் 30.

ஒருவர்கூட முதலிடம் கொடுக்காத அட்டாமிக் ஜெயித்துவிட்டது. சாப்பிடுகிற பழத்துக்கு ஓட்டு நடத்தி, மல்கோவாக்காரரும் செந்தூராக்காரரும் மாறிமாறிப் புதைத்ததில், கூழ் தொழிற்சாலைக்குப் போகிற பெங்களூரா முதல் பரிசு வாங்குகிற மாதிரி. தன் முறை நேர்மையானவர்களுக்கு மட்டுமே என்று போர்தா சொன்னதாகச் சொல்வார்கள். பதினைந்து பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த குழுவில் பாயிண்ட் முறை வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தெரிந்தவர்களுக்குத்தான் யாரைப் புதைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

நீக்கல் முறையில் ஒரே ஒரு சீட்டு

நீக்கல் முறையில் புதைப்பது வேலைக்கு ஆகாது. உங்கள் முதல் விருப்பம் களத்தில் இருக்கும்வரை கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள். இங்கே உள்ள தந்திரம் விட்டுக்கொடுப்பது.

காவேரிப்பட்டணத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையாகப் போட்டார்கள், அவர்களுக்குக் கடைசியான 960 ஜெயித்தது. ஐந்து பேரில் ஒரே ஒருவர் கிரேசிஹவுஸை இரண்டாவதாக்கி த்ரீ செக்குக்கு 1 போட்டிருந்தால்? முதல் சுற்று: 960-க்கு 6, த்ரீ செக் 5, கிரேசிஹவுஸ் 4. அட்டாமிக்குக்குப் பிறகு நீங்குவது கிரேசிஹவுஸ். அதன் நான்கு சீட்டும் த்ரீ செக்குக்கு வரும். 9-க்கு 6, த்ரீ செக். ஒரு சீட்டு மாறியதில் ஐந்து பேருக்கும் நான்காவது விருப்பத்துக்குப் பதில் இரண்டாவது விருப்பம் கிடைத்தது.

இதை எப்போது செய்யலாம் என்பதற்கு ஒரு சோதனை: என் முதல் விருப்பம் கடைசி இரண்டில் ஒன்றாக வந்தால் ஜெயிக்குமா? கிரேசிஹவுஸ் 960-ஐ எதிர்த்து 5-10 என்று தோற்கும். அப்படியானால் அதைத் தாங்கிப் பிடிப்பதில் பயன் இல்லை, விட்டுக்கொடுங்கள். ஜெயிக்கும் என்றால் ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள். விடை தெரியவில்லை என்றால் நேர்மையாகப் போடுவதே லாபம். புதியவர்கள் "என் ரகத்துக்கு ஆதரவு கம்மி" என்று பயந்தே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ஆதரவு குறைவு என்பது வேறு, கடைசி மோதலில் தோற்கும் என்பது வேறு. அரூராரின் த்ரீ செக்கே சாட்சி: முதல் விருப்பம் நான்கே பேர், ஆனால் யாருடன் மோதினாலும் ஜெயிக்கிறது.

எதிராளியைத் தூக்கிவிடும் தந்திரம் ஒன்றும் சொல்வார்கள். தன் ரகம் கடைசி மோதலில் சுலபமாக ஜெயிக்கக்கூடிய எதிரியை மேலே ஏற்றி, கடினமான எதிரியை முன்பே வெளியேற்றுவது. மேலே சொன்னபடி காவேரிப்பட்டணத்தில் ஒருவர் மாறியது தெரிந்து, பாலக்கோட்டாரில் இரண்டு பேர் கிரேசிஹவுஸுக்கு 1 போடுகிறார்கள் என்று வையுங்கள். கிரேசிஹவுஸ் 6, த்ரீ செக் 5, 960-க்கு 4. நீங்குவது அவர்களுடைய 960-தான்! அதன் நான்கு சீட்டும் த்ரீ செக்குக்குப் போய், அது 9-6 என்று ஜெயிக்கிறது. பதினைந்து பேர் குழுவில் இந்தத் தந்திரத்தைத் தொடவே வேண்டாம்.

ஜோடி முறையும் தப்பாது

ஜோடி முறை தந்திரத்துக்கு மசியாது என்று நம்புகிறவர்கள் உண்டு. மூன்று அல்லது அதற்கு மேல் தேர்வுகள் இருந்து, எதற்கும் ஜெயிக்க வழி இருந்து, ஒரே ஆள் தீர்மானிக்காத எந்த வரிசை முறையிலும் தந்திர ஓட்டுக்கு ஏதோ ஒரு சூழலில் இடம் உண்டு என்று 1973-இல் கிப்பார்டும் 1975-இல் சாட்டர்த்வைட்டும் நிரூபித்துவிட்டார்கள். முறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இடம் எவ்வளவு குறுகலானது என்பதுதான் கேள்வி.

பாலக்கோட்டார் பழைய புதைப்பை இங்கே செய்தால்: த்ரீ செக் 960-ஐ 9-6 ஜெயிக்கும், 960 கிரேசிஹவுஸை 10-5 ஜெயிக்கும், கிரேசிஹவுஸ் த்ரீ செக்கை 11-4 ஜெயிக்கும். சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்று வந்தால் மிகக் குறைந்த வித்தியாச வெற்றியைத் தள்ளுவது வழக்கம். இங்கே 9-6 தள்ளுபடியாகி 960 ஜெயிக்கிறது. தந்திரம் பலித்தது.

ஆனால் அரூராருக்கு மோப்பம் பிடித்து, த்ரீ செக்குக்கு 1 போட்டு மற்ற மூன்றையும் காலியாக விட்டால், 960-க்கும் கிரேசிஹவுஸுக்கும் நடக்கும் மோதல் 6-5 ஆகச் சுருங்கும். இப்போது தள்ளுபடியாவது அதுதான். ஜெயிப்பது கிரேசிஹவுஸ். பாலக்கோட்டாருக்கு மூன்றாவது, அரூராருக்கும் மூன்றாவது. இந்த மிரட்டல் இருப்பது தெரிந்தாலே ஆறு பேரும் ஒத்துப்போய்ப் புதைப்பது கஷ்டம். அதனால் ஐந்து ரகம் வரை எங்கள் பரிந்துரை ஜோடி முறை. நான்கு ரகத்துக்கு ஆறு ஜோடி, ஐந்துக்குப் பத்து, கையால் எண்ணலாம். ஆறு ரகம் ஆகிவிட்டால் பதினைந்து ஜோடி, எண்ணுகிறவர் பொறுமை போய்விடும். அங்கே நீக்கல் முறை போதும்.

காலியாக விட்டால் என்ன ஆகும்?

"அண்ணா, 960-க்கு மட்டும் 1 போடுங்க, மத்ததெல்லாம் விட்டுடுங்க." ஓட்டு நாளில் இந்தக் குரல் எப்படியும் கேட்கும். கேட்பதா வேண்டாமா என்பது காலி இடத்தைக் குழு எப்படி எண்ணுகிறது என்பதைப் பொறுத்தது. பாயிண்ட் முறையில் மூன்று வழக்கம் உண்டு. பாலக்கோட்டார் ஆறு பேரும் 960-க்கு மட்டும் 1 போட்டு, மற்றவர்கள் நேர்மையாகப் போட்டதாக வைத்துப் பாருங்கள்.

காலிக்குப் பூஜ்யம், 1-க்கு வழக்கம்போல் 3 என்றால்: 960-க்கு 26, த்ரீ செக் 22. ஒற்றை ஓட்டு ஜெயிக்கிறது, புதைப்பதில் இருந்த ஆபத்தும் இல்லாமல்.

மிஞ்சிய 2, 1, 0 பாயிண்டைக் காலி ரகங்களுக்குச் சமமாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று என்றால்: த்ரீ செக் 28, 960-க்கு 26. பலிக்கவில்லை.

எத்தனை ரகத்துக்கு எண் போட்டீர்களோ அத்தனைதான் முதலிடத்துக்குப் பாயிண்ட் என்றால், ஒன்றுக்கு மட்டும் போட்டவரின் 1-க்கு ஒரே பாயிண்ட், நான்குக்கும் போட்டவர் சீட்டில் 4, 3, 2, 1: 960 சரிந்து 23, த்ரீ செக் 31.

முதல் வழக்கம் உள்ள குழுவில் முழுச் சீட்டு நிரப்புகிறவர் ஏமாளி ஆகிறார். நடத்துகிறவர் இதை மாற்றாவிட்டால், தெரிந்தவர்கள் எல்லாரும் ஒற்றை ஓட்டுக்கே போய்விடுவார்கள். அப்புறம் வரிசை ஓட்டுக்கும் கை தூக்குவதற்கும் வித்தியாசம் இல்லை. நீக்கல் முறையில் நிலைமை நேர்மாறு: காலியாக விட்டால் உங்கள் ரகம் நீங்கியதும் உங்கள் சீட்டும் குப்பைக்குப் போகும். அங்கே கடைசிவரை நிரப்புவதே புத்தி.

பட்டியலிலேயே நடக்கும் வேலை

சில தந்திரங்கள் ஓட்டுக்கு முன்பே முடிந்துவிடும். பாயிண்ட் முறையில், கிரேசிஹவுஸ் ரசிகர்கள் "பக்ஹவுஸையும் சேர்த்துக்கலாமே" என்பார்கள். பெருந்தன்மை போலத் தெரியும். எல்லாரும் அதைக் கிரேசிஹவுஸுக்கு நேர் கீழே வைப்பார்கள் என்று கொண்டால், கிரேசிஹவுஸுக்கு எல்லாச் சீட்டிலும் ஒரு பாயிண்ட் கூடும், ஆக 15. த்ரீ செக்குக்குக் கூடுவது பத்துதான், காவேரிப்பட்டணத்தார் சீட்டில் கூடாது. 34-25 என்றிருந்த இடைவெளி 44-40 ஆகும். அடுத்து "கிரேசிஹவுஸ் 960"-உம் பட்டியலில் ஏறினால் 54-55. நேர்மையான சீட்டுகளாலேயே கிரேசிஹவுஸ் ஜெயித்துவிட்டது. கை தூக்கும் ஓட்டில் இதுவே எதிர்மாறாக வேலை செய்யும்: ஜோடி ரகங்கள் ஓட்டைப் பிரித்துக்கொண்டு இரண்டும் தோற்கும். ஆகவே ஒரு குடும்பத்துக்கு ஒரு ரகம் என்று முன்பே வரம்பு போடுங்கள். த்ரீ செக் இருந்தால் ஃபைவ் செக் வேண்டாம்.

ஓட்டை நடத்துகிறவருக்கு

முறையையும், காலி இடத்தை எண்ணும் விதத்தையும், சமன் ஆனால் என்ன என்பதையும் சீட்டு கொடுக்கும் முன் எழுதி ஒட்டுங்கள். சீட்டைப் பார்த்த பிறகு முறை மாற்றினால் அது ஓட்டு இல்லை.

நடப்பு நிலவரத்தைக் காட்டாதீர்கள். மேலே சொன்ன தந்திரம் எல்லாவற்றுக்கும் தீனி ஒன்றுதான்: மற்றவர் எப்படிப் போட்டார் என்ற தகவல். வாட்ஸ்அப்பில் கருத்துக்கணிப்பு (poll) வைத்தால் யார் எதற்குப் போட்டார் என்பது குழுவுக்கே தெரியும், போட்டதை மாற்றவும் முடியும், வரிசையும் கேட்காது. கடைசியாகப் போடுகிறவர்தான் ராஜா. ஆன்லைனில்தான் என்றால் கூகுள் ஃபார்ம்ஸில் கட்டக் கேள்வி வைத்து, ரகங்களை வரியாகவும் எண்களை நெடுவரிசையாகவும் கொடுத்து, நெடுவரிசைக்கு ஒரே பதில் என்ற அமைப்பை இயக்குங்கள். எல்லா வரிக்கும் பதில் கட்டாயம் என்றும் வைத்துவிட்டால் ஒரே எண் இரண்டு முறையும் வராது, எண்ணும் தாண்டாது.

சீட்டின் அடியில் ஒரு கோடு சேர்ப்பது பயன்படும்: "இந்த எண்ணுக்குக் கீழே உள்ளது ஜெயித்தால் வரமாட்டேன்." இதை ஓட்டோடு கூட்டக் கூடாது, தனியாக எண்ணி வையுங்கள். ஜெயித்த ரகத்துக்கு ஆறு பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்தால், எத்தனை போர்டு போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஜோடி முறை எண்ணிக்கைக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் சீட்டைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, "வரி ரகம் நெடுவரிசை ரகத்துக்கு மேலே" என்றால் ஒரு கோடு இழுப்பார். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்தால் கூட்ட எளிது. எல்லாச் சீட்டும் முழுதாக நிரம்பியிருந்தால், எதிரெதிர் கட்டங்கள் இரண்டின் கூட்டுத்தொகை 15 வர வேண்டும். வராத ஜோடியை மட்டும் மறுபடி எண்ணுங்கள், எல்லாவற்றையும் அல்ல.

சமன் வந்தால், முதலில் இரண்டு ரகத்துக்கும் நேர் மோதல் பாருங்கள். அதுவும் சமன் என்றால், அதாவது பதினைந்தில் யாரோ ஒருவர் வராமல் பதினான்கு சீட்டாகி 7-7 நின்றால், திருவுளச்சீட்டுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் சோழர் காலத்திலேயே குடத்திலிருந்து ஓலை எடுக்க ஒரு சிறுவனைத்தான் விட்டிருக்கிறார்கள். நம் குழுவிலும் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அந்த அட்டாமிக் பையனைக் கூப்பிடலாம், சமன் ஆன இரண்டில் ஒன்று அட்டாமிக்காக இல்லாதவரை.